சிஎன்ஜி ஏற்றிய காருக்கு ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஜோடி சேர்ப்பது எப்படி?

டிக்கியில் சிஎன்ஜி சிலிண்டர் வைத்த மறுநாளே என் காரின் பின்பக்கம் தாழ்ந்து தெரிந்தது. சக்கரத்துக்கும் அதன் மேல் வளைவுக்கும் நடுவே நான்கு விரல் தாராளமாக நுழைந்த இடத்தில் மூன்று விரல்தான் போனது. பட்டறையில் தடித்த கம்பி ஸ்பிரிங் போட்டுக் கொடுத்தார்கள். உயரம் திரும்பிவிட்டது. ஆனால் வேகத்தடையில் இறங்கினால் பின்பக்கம் இரண்டு மூன்று தடவை துள்ளும். பின் சீட்டில் அம்மா முன் சீட்டை இறுகப் பிடித்துக்கொள்வார். ஸ்பிரிங்கை மாற்றியவர்கள் ஷாக் அப்சார்பரைத் தொடவே இல்லை. இந்தத் தவறு பலருக்கும் நடக்கிறது. அதனால் கணக்கோடு சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவு திருப்பித் தள்ளும். ஷாக் எடையைத் தாங்குவதில்லை. உள்ளே இருக்கும் ஆயில் சின்ன ஓட்டைகள் வழியே போகும்போது உண்டாகும் தடுப்பால் ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிறது. எவ்வளவு வேகமாக அசைகிறதோ அவ்வளவு தடுக்கும். ஸ்பிரிங் கடினமானால் அமுங்கி நிமிரும் வேகமும் விசையும் கூடும். பழைய ஷாக்கால் அதை அடக்க முடியாது.

படி 1: எடை

எடை மேடைக்குப் போய் பின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி எடை போடுங்கள். என் சிறிய ஹேட்ச்பேக்கில் சிலிண்டரோடு 440 கிலோ வந்தது. இதில் சக்கரம், பிரேக், இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் பின் பீம் எல்லாம் ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பவை. அதற்கு 70 கிலோ கழித்தேன். மீதி 370, அதாவது பக்கத்துக்கு 185 கிலோ. சிலிண்டர், அதன் சட்டம், வாயு எல்லாம் சேர்த்து 70 கிலோ. அது கிட்டத்தட்ட முழுவதும் பின் சக்கரங்கள் மேல்தான் உட்காருகிறது. ஆக, முன்பு பக்கத்துக்கு 150 கிலோதான் இருந்திருக்கிறது. எடை 1.23 மடங்கு ஆகியிருக்கிறது.

படி 2: ஸ்பிரிங்கின் கடினம்

வெர்னியர் என்ற நுண்ணளவுக் கருவி ஒன்று போதும். கம்பியின் தடிமனை அளக்கும்போது பெயின்ட்டும் துருவும் இல்லாத இடமாகப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் தவறினாலும் கணக்கு வெகுவாக மாறிவிடும். அப்புறம் சுருளின் வெளி விட்டத்தை அளந்து, அதில் கம்பியின் தடிமனைக் கழித்தால் சராசரி விட்டம். மொத்தச் சுற்றுகளில் இரு முனையிலும் இருக்கையில், அதாவது ஸ்பிரிங் உட்காரும் தட்டில், படிந்து கிடப்பவற்றை விட்டுவிட்டு, வேலை செய்யும் சுற்றுகளை மட்டும் எண்ணுங்கள்.

எஃகு ஸ்பிரிங்குக்கான சூத்திரத்தை கிலோவிலும் மில்லிமீட்டரிலும் எழுதினால் எளிதாகிவிடுகிறது. கம்பியின் தடிமனை நான்கு முறை எழுதிப் பெருக்கி, 1000ஆல் பெருக்குங்கள். சராசரி விட்டத்தை மூன்று முறை எழுதிப் பெருக்கி, சுற்று எண்ணிக்கையாலும் பெருக்குங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால், ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டர் அமுங்க எத்தனை கிலோ வேண்டும் என்பது வந்துவிடும்.

என் பழைய ஸ்பிரிங்கில் கம்பி 11 மி.மீ., சராசரி விட்டம் 110, வேலை செய்யும் சுற்று 6. விடை 1.83 கிலோ. கூடுதலாக ஏறிய 35 கிலோவை இதால் வகுத்தால் 19 மி.மீ.; காணாமல் போன அந்த ஒரு விரல் இடைவெளிதான் அது. பட்டறையில் போட்டது 12 மி.மீ. கம்பி, அதே விட்டம், அதே 6 சுற்று. விடை 2.60. ஒரே ஒரு மில்லிமீட்டர் தடிமன் கூடியதற்கு 42 சதவீதம் கடினம்!

எடை கூடியது 23 சதவீதம்தான். 12 மி.மீ. கம்பியிலேயே வேலை செய்யும் சுற்று 7 இருந்தால் 2.23 கிலோ வரும். அதாவது 22 சதவீதம் கூடுதல், எடைக்கு ஏறக்குறைய சரி. அமுங்கும் அளவும் பழைய வண்டியைப் போலவே 83 மி.மீ. வருவதால், எடை எதுவும் ஏறாதபோதுள்ள ஸ்பிரிங்கின் நீளம் பழைய ஸ்பிரிங் அளவிலேயே இருக்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: முழுதாக அமுங்கும்போது சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டுவதற்கு முன் பம்ப் ஸ்டாப் ரப்பர் தாங்கிவிட வேண்டும்.

ஸ்பிரிங்கை வெட்டி உயரம் குறைப்பவர்களுக்கும் இதே கணக்குதான். 6 சுற்றில் ஒன்றை வெட்டினால் 20 சதவீதம் கடினமாகும். நான் அதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வெட்டிய முனை இருக்கையில் சரியாக உட்காராது.

படி 3: ஷாக் எவ்வளவு கூட வேண்டும்?

ஸ்பிரிங் எத்தனை மடங்கு, எடை எத்தனை மடங்கு என்ற இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 7 சுற்று ஸ்பிரிங்குக்கு 1.22 பெருக்கல் 1.23, வர்க்கமூலம் 1.22. ஷாக் 22 சதவீதம் வலுவாக வேண்டும். பட்டறையில் போட்ட 2.60 ஸ்பிரிங்குக்கு 32 சதவீதம் வேண்டியிருந்தது. என் பழைய ஷாக்கோ 60,000 கி.மீ. ஓடித் தளர்ந்திருந்தது. துள்ளாமல் எப்படி இருக்கும்? பழையதோடு ஒப்பிட்டே கணக்குப் போடுவதால், ஸ்பிரிங் சக்கரத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற சிக்கலான கணக்கு இங்கே தேவைப்படாது.

கூட்ட வேண்டியது முக்கியமாக ரீபவுண்டை, அதாவது ஷாக் நீளும்போது வரும் தடுப்பை. அமுங்கிய ஸ்பிரிங் தன் சேமிப்பைத் திருப்பிக் கொடுக்கும் நேரம் அது. அமுங்கும் திசையிலும் அதே அளவு கூட்டினால் சின்னப் பள்ளம்கூட முதுகில் அடிக்கும்.

கடையில் ‘ஹெவி டியூட்டி’ என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். உங்கள் மாடலிலேயே கம்பெனியே சிஎன்ஜி பொருத்தி விற்கும் வண்டி இருந்தால், அதன் பின் ஸ்பிரிங், ஷாக் இரண்டின் பார்ட் நம்பரும் வேறா என்று விசாரியுங்கள். வேறென்றால் ஜோடியாக வாங்குவதுதான் ஆகச் சிறந்த வழி. இல்லையென்றால் கோனி கம்பெனியின் மஞ்சள் வகை போல ரீபவுண்டைத் திருகி மாற்றக்கூடிய ஷாக் உங்கள் காருக்குக் கிடைக்கிறதா என்று பாருங்கள். பில்ஸ்டீன் கம்பெனி ஷாக்குகளில் பி6 வழக்கமான உயரத்துக்கும், பி8 தாழ்த்திய ஸ்பிரிங்குக்கும் செய்யப்பட்டவை. மாற்றிப் போடக் கூடாது.

படி 4: மாட்டுதல்

இரண்டு பக்கமும் ஒரே நாளில் மாற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு போடுங்கள். பீமைத் தாழ்த்தும்போது பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி தரையில் நின்ற பிறகே முழுதாக முறுக்குங்கள். தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த முன்பக்க ஸ்ட்ரட் என்றால் அமுக்கிய ஸ்பிரிங் உயிருக்கே ஆபத்து. அதை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விடுங்கள்.

படி 5: சோதனை

பம்பருக்கு மேலே கையை ஊன்றி அமுக்கி விடுங்கள். ஒரு முறை எழும்பி, திரும்பி நின்றுவிட்டால் சரி. இன்னொரு முறை ஆடினால் ரீபவுண்ட் போதவில்லை. அடுத்து, நெடுஞ்சாலையில் வரிசையாகப் பட்டை போட்ட வேகத்தடைமேல் மெதுவாக ஓட்டுங்கள். ஒவ்வொரு பட்டைக்கும் பின்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே உட்கார்ந்துகொண்டே போனால் ரீபவுண்ட் அதிகம். ஷாக் நீண்டு முடிவதற்குள் அடுத்த அடி விழுகிறது. திருகும் வசதி இருந்தால் கால் சுற்று குறைத்து, அதே இடத்தில், அதே வேகத்தில் மறுபடி பாருங்கள்.

என் வண்டியில் மூன்றாவது தடவை சரியாக அமைந்தது. இப்போது அதே வேகத்தடையில் இறங்கும்போது அம்மாவின் கை மடியில்தான் இருக்கிறது.