சுடோகு பாதியில் நின்றுபோனால்…

கடினமான சுடோகுவில் மாட்டிக்கொண்டால் குத்துமதிப்பாக எண் போடாதீர்கள். காலிக் கட்டங்களின் மூலையில், அங்கே வரக்கூடிய எண்களைப் பென்சிலால் பொடியாக எழுதுங்கள். அப்புறம் ஒரே ஓர் எண்ணை மட்டும், 7 என்று வையுங்கள், கிடைவரிசைகளில் தேடுங்கள்.

உதாரணமாக, 2-ஆவது கிடைவரிசையில் 7 வருவதற்கு 3, 8 ஆகிய நெடுவரிசைகளில் மட்டுமே இடம் என்று வையுங்கள். 6-ஆவது வரிசையிலும் அதே இரண்டு இடங்கள்தான். இதைத்தான் எக்ஸ்-விங் என்கிறார்கள். மேலே 3-இல் 7 வந்தால் கீழே 8-இல் வந்தே ஆக வேண்டும். மேலே 8 என்றால் கீழே 3. எப்படிப் பார்த்தாலும் இரு நெடுவரிசைகளின் 7-உம் இந்த நான்கு மூலைகளுக்குள் அடங்கிவிடும். ஆகவே அந்த நெடுவரிசைகளில் வேறு எங்கே 7 எழுதியிருந்தாலும் தைரியமாக அழித்துவிடலாம். அழித்ததும் ஏதோ ஒரு கட்டத்தில் ஒற்றை எண் மிஞ்சினால், அந்தச் சந்தோஷமே தனி!

கிடைவரிசையில் அமையவில்லையா? சரி, தாளைத் திருப்பி வைத்து நெடுவரிசைகளில் தேடுங்கள்.