தட்டையான ஃபோம் ஷீட்டில் முகமூடி: தொடக்கநிலையினருக்கான செய்முறை

முதன்முறையாக முகமூடி செய்ய அமர்பவர்கள் வண்ணத்தைப் பற்றியே அதிகம் யோசிக்கிறார்கள். ஆனால் அது முகத்தில் பொருந்துமா என்பது வெட்டுப்படிவம் வரையும்போதே முடிவாகிவிடுகிறது. கண்களையும் மூக்கின் மேற்பகுதியையும் மட்டும் மறைக்கும் அரை முகமூடியிலிருந்து தொடங்குவது நல்லது. இதற்கு 5 மி.மீ. ஈ.வி.ஏ. ஃபோம் (ரப்பர் போல வளையும் மெத்தென்ற பிளாஸ்டிக் தாள்) போதும், அலங்காரத் துண்டுகளுக்கு 2 மி.மீ. ஃபோமை வைத்துக்கொள்ளலாம். 10 மி.மீ. ஃபோம் வாள், கேடயம் போன்றவற்றுக்கே ஏற்றது.

அலுமினியத் தாளை இரண்டாக மடித்து, கண்களை மூடிக்கொண்டு நெற்றியிலும் மூக்கின் மேலும் மெதுவாக அழுத்துங்கள். மூக்குத் துளைகளும் வாயும் திறந்தே இருக்க வேண்டும். அதன்மேல் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, வடிவம் கலையாமல் கழற்றி, முகமூடியின் கோடுகளை வரையுங்கள். பிறகு நடுவில் வெட்டி, ஒரு பாதியை மட்டும் எடுத்து, அது மேசையில் படியும்வரை ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கீறிவிடுங்கள். ஆப்பு வடிவில் பிளவுபட்டு விரியும் அந்த இடைவெளிகளே பின்னர் ஃபோமில் ஒட்டப்படும்போது வளைவாகின்றன. சேர வேண்டிய விளிம்புகளில் எதிரெதிரே குறிகள் இட்டு, படிவத்தைத் தாளில் வரைந்து, திருப்பிப் போட்டு மறுபாதியையும் வரைந்தால் இரு பக்கமும் ஒத்திருக்கும்.

தாள் படிவத்தை ஃபோமில் வரைந்து வெட்டும்போது பிளேடு செங்குத்தாக நிற்க வேண்டும். ஃபோம் பிளேடை வெகு விரைவில் மழுக்கிவிடும். மழுங்கிய பிளேடு விளிம்பைப் பிய்த்துவிடும், அந்தப் பிசிறு எந்த வண்ணத்திலும் மறையாது.

ஒட்டுவதற்கு முன்பே ஹீட் கன்னால் (சூடான காற்றை ஊதும் கருவி) ஃபோமின் இரு பக்கமும் சூடாக்குங்கள். மேற்பரப்பு லேசாகப் பளபளத்ததும் நிறுத்தி, வளைத்து, ஆறும்வரை கையிலேயே பிடித்திருங்கள். கோடுகள் வேண்டுமானால் பாதி ஆழத்துக்குக் கீறிவிட்டுச் சூடு காட்டினால் கீறல் தானாக விரியும்.

காண்டாக்ட் சிமெண்ட் என்னும் பசையை இரு விளிம்புகளிலும் மெல்லியதாகத் தடவி, விரலில் ஒட்டாத பக்குவம் வரும்வரை, ஏறத்தாழ 10 நிமிடம், காத்திருந்து, குறிகளைப் பொருத்தி அழுத்துங்கள். ஒட்டியதும் நகர்த்த முடியாது என்பதால் இங்கே அவசரம் கூடாது. இந்தப் பசையின் ஆவி தீப்பற்றக்கூடியது. சன்னல்களைத் திறந்துவைத்து, நெருப்பை விலக்கி, கரிம ஆவியைத் தடுக்கும் வடிகட்டி கொண்ட சுவாசக் கவசத்தை அணியுங்கள். துணிமாஸ்க் தூசிக்குப் பயன்படலாம், ஆவிக்குப் பயன்படாது.

நீர் கலந்த பி.வி.ஏ. பசையை (வெள்ளைப் பசை) மூன்று நான்கு முறை பூசி, ஒவ்வொரு பூச்சும் உலர்ந்த பின் அக்ரிலிக் வண்ணம் தீட்டலாம். கண்ணுக்கும் காதுக்கும் இடைப்பட்ட பொட்டுப் பகுதியில் எலாஸ்டிக் கோக்கும் துளைக்குப் பின்னால் ஒரு சிறு ஃபோம் துண்டை ஒட்டாவிட்டால் துளை கிழிந்துவிடும். கடைசியாக முகமூடியை அணிந்து படியில் இறங்கிப் பாருங்கள். கால் வைக்கும் இடம் தெரியவில்லையென்றால் கண் துளையின் கீழ்விளிம்பை இன்னும் சற்று வெட்டிவிடுங்கள்.