சிஓபிடி (புகையால நுரையீரல் கெட்டு வர்ற நாள்பட்ட மூச்சுத்திணறல் நோய்) முத்தி அட்மிட் ஆகுற அம்மாக்களுக்கு டீகாஃப் ஸ்கோர் போடுறது எப்படி?

ஹவுஸ் சர்ஜன் தம்பி தங்கைங்களுக்காக இது. பீடி சிகரெட் தொடாத பொம்பளைன்னதும் ஆஸ்துமான்னு எழுதிடாதீங்க, எத்தனை வருஷம் விறகடுப்பு ஊதினீங்கம்மான்னு கேளுங்க, சிஓபிடி தப்பிப்போறதே அங்கதான்.

டீகாஃப் 2012-ல இங்கிலாந்துல வந்தது. ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோற ரிஸ்க் எவ்வளவுன்னு அட்மிஷன் அன்னிக்கே ஓரளவு சொல்லும், மொத்தம் 6 மார்க்.

இதுல கஷ்டமானது மூச்சுத்திணறல் கேள்விதான். இன்னிக்கு எப்படி இருக்குன்னு கேக்கக் கூடாது, போன மூணு மாசத்துல நல்லா இருந்த நாள்ல எப்படின்னு கேக்கணும். துணை இல்லாம வீட்டை விட்டு வெளிய போக முடியல, ஆனா குளிக்கிறதோ துணி மாத்துறதோ தானா செய்வாங்கன்னா 1, ரெண்டுக்குமே ஆள் வேணும்னா 2. நம்ம அம்மாக்கள் பலர் வெளியவே போறதில்ல, கேட்டா "நல்லாத்தான் இருந்தேன் சார்"னுடுவாங்க, அதனால சேலை யாரு கட்டிவிடுறாங்கன்னு கூட வந்த பொண்ணுகிட்ட கேளுங்க, உண்மை வந்துடும்.

மத்ததெல்லாம் ஈஸி, ஒவ்வொண்ணுக்கும் 1: ஈசினோஃபில்ங்கிற வெள்ளையணு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துல 50-க்கு கீழ (ஸ்டீராய்டு போட்டா அது தானா குறையும், முன்னாடியே ரத்தம் எடுத்துடுங்க), எக்ஸ்ரேல கன்சாலிடேஷன் (நிமோனியா மாதிரி வெள்ளைத் திட்டு), ரத்தத்துல பிஹெச் 7.30-க்கு கீழ (அமிலம் கூடிடுச்சுன்னு அர்த்தம்), ஈசிஜில ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (தாறுமாறான இதயத் துடிப்பு).

0-1 லோ ரிஸ்க், 2 நடுத்தரம். 3-ம் அதுக்கு மேலயும்னா உடனே சீனியரைக் கூப்பிடுங்க, வீட்டுக்காரங்ககிட்டயும் அன்னிக்கே உக்காந்து பேசிடுங்க.