எல்எம் கைடு மாற்றுவதும் காப்பதும்: கஞ்சிக்கோட்டுப் பட்டறைக் குறிப்பு

கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையில், வாளையாற்றைத் தாண்டி வரும் கோவைப் பக்கத்துத் தொழிலாளர்களும், பாலக்காட்டுக்காரர்களும், ஒடியாவும் இந்தியும் பேசும் இளைஞர்களும் ஒரே மெஷினில் ஷிப்ட் மாறி ஷிப்ட் நிற்பது வழக்கம். அப்படிப்பட்ட ஒரு பட்டறையில் நான் பராமரிப்புப் பொறுப்பில் இருந்தபோது, கணினி வழி இயங்கும் ஒரு சிஎன்சி மில்லிங் மெஷினின் எக்ஸ் அச்சு எல்எம் கைடுகளை, அதாவது மேசையை நேர்க்கோட்டில் நகரவைக்கும் ரெயில்களையும் அவற்றின் மேல் ஓடும் பிளாக்குகளையும், மூன்றாம் ஆண்டிலேயே மாற்ற நேர்ந்தது. பழையது ஏன் போனது என்று அறியாமல் புதிய ரெயிலை இறுக்கினால் அதுவும் அதே காலத்தில்தான் போகும் என்பதால், கழற்றும் முன் கணக்குப் போடுவதே முதல் வேலை.

ஜப்பானின் டிஎச்கே நிறுவனம் 1972-இல் கொண்டுவந்த பொருளின் பெயரே எல்எம் கைடு. இன்று எந்த நிறுவனத்தின் கைடையும் நம் பட்டறைகளில் அப்பெயராலேயே அழைக்கிறோம். பிளாக்கினுள் எஃகுக் குண்டுகள் உருண்டு, திரும்பிச் சுற்றி வருவதால் உராய்வு மிகக் குறைகிறது. குண்டு வகைக் கைடின் ஆயுளைக் காண, தயாரிப்பாளரின் அட்டவணையில் உள்ள இயங்குசுமைத் திறனை உண்மையான சுமையால் வகுத்து, விடையின் கனத்தைக் கண்டு (அதே எண்ணை மூன்று முறை எழுதிப் பெருக்கி), அதை 50 கிலோமீட்டரால் பெருக்க வேண்டும். 25 என்ற அளவுக் குறியுள்ள கைடின் திறன் 26 கிலோநியூட்டன் என்றும், ஒரு பிளாக்கின் மீது விழும் சுமை 2.6 கிலோநியூட்டன் என்றும் கொண்டால், ஆயுள் 50,000 கிலோமீட்டர். மேசை 400 மில்லிமீட்டர் போய்த் திரும்பி, நிமிடத்துக்கு 10 முறை, நாளுக்கு 16 மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 7.7 கிலோமீட்டர் வரும். ஆண்டுக்கு 300 வேலை நாள் என்றால் 20 ஆண்டுகளுக்கும் மேல் ஓடியிருக்க வேண்டிய கைடு அது.

ஆகவே எங்கள் கைடைக் கொன்றது சுமை அன்று. கிரீஸ் இன்மையும் தூசியும்தான். இத்தகைய கைடுகளுக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்கு ஒருமுறை கிரீஸ் இடுவது பொது விதி. மேற்கண்ட ஓட்டத்தில் அது 13 நாளுக்கு ஒருமுறை என்றாகிறது. எங்கள் மெஷின் பராமரிப்பு அட்டையிலோ மாதம் ஒருமுறை என்று எழுதியிருந்தது. அதிலும் ஆறு மாதத்துக் குறிகள் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் இருந்தன. அட்டை மலையாளத்தில் மட்டும் இருந்தது. இரவு ஷிப்டில் நிற்பவர்களில் பாதிப் பேருக்கு அதைப் படிக்கத் தெரியாது. இரண்டு மாதங்களாகவே பிளாக்கில் கரகரப்புக் கேட்டதாக ஓர் ஆபரேட்டர் பின்னர் ஒப்புக்கொண்டார். ஏன் சொல்லவில்லை என்றதற்கு, “சொன்னா நீங்க எண்ணிக்கையத்தானே கேப்பீங்க சார்” என்றார். மெஷினை நிறுத்தியவரிடம் முதலில் உற்பத்தி எண்ணிக்கையைக் கேட்பது என் பழக்கமாகவே இருந்தது. அந்தப் பழக்கத்தின் விலைதான் இரண்டு ரெயிலும் நான்கு பிளாக்கும்.

மாற்றும் வேலைக்கு ஒருவரை மட்டும் பொறுப்பாளராக நியமியுங்கள். அளவுகளை எழுதுபவர் வேறொருவராக இருக்கட்டும். பழைய ரெயிலைக் கழற்றும் முன், டயல் கேஜ் என்னும் நுண் அளவுமானி வைத்து இரு ரெயில்களின் இணைத்தன்மையையும் பேக்லாஷையும் (திசை மாறும்போது வரும் தளர்வையும்) அளந்து குறித்துக்கொள்வது அவசியம். ஒப்பிட வேறு சான்று பின்னால் கிடைக்காது. கழற்றியபின் ரெயில் அமரும் படுகையின் மேற்பரப்பையும், ரெயில் பக்கவாட்டில் ஒட்டி நிற்கும் தோள்பகுதியையும் ஆயில் ஸ்டோனால் மெல்லத் தேய்த்துப் பிசிறு நீக்கி, பஞ்சு ஒட்டாத துணியால் துடைக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் ஜூன், ஜூலையில் ஈரமும் தூசியும் சேர்ந்தே வரும். பக்கத்து இரும்புருக்குப் பட்டறைத் தூள் வேறு உண்டு. எனவே அம்மாதங்களில் கதவை அடைத்து, கையுறையோடு வேலை செய்வது நல்லது. வியர்வைக் கைரேகை இரண்டே நாளில் ரெயிலில் துருவாகத் தெரியும்.

பிளாக்கை ரெயிலிலிருந்து வெறுமனே உருவக் கூடாது. உடன் வரும் தற்காலிக (டம்மி) ரெயிலுக்கு நேராக நகர்த்த வேண்டும், இல்லையேல் குண்டுகள் சிதறக்கூடும். எந்தப் பிளாக் எந்த ரெயிலுக்கு வந்ததோ அதிலேயே இருக்கட்டும். இரு ரெயில்களில் அளவுக்கு ஆதாரமாக நிற்கும் முதன்மை ரெயிலை முதலில் தோள்பகுதியோடு அழுத்திப் பிடித்து, நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கி, மூன்று சுற்றாகப் போல்ட்டுகளை இறுக்க வேண்டும். எம்6 போல்ட்டுக்கு எஃகுப் படுகையில் 13.7 நியூட்டன் மீட்டர், வார்ப்பிரும்பில் 9.2, அலுமினியத்தில் 6.9 என்பது வழக்கமான அளவு. எங்கள் படுகை வார்ப்பிரும்பு. முன்பு பொருத்தியவர் எஃகின் அளவில் இறுக்கியிருந்ததால் இரண்டு துளைகளின் மரை நெகிழ்ந்திருந்தது. இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இவ்வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

மற்ற ரெயிலான துணை ரெயிலை மெல்ல இறுக்கி வைத்து, முதன்மை ரெயிலின் பிளாக்கில் டயல் கேஜைத் தாங்கும் மேக்னெட் பேஸை நிறுத்தி, டயல் கேஜின் முனை துணை ரெயிலின் பக்கவாட்டில் படும்படி முழு நீளமும் ஓட்டிப் பார்க்க வேண்டும். 25 அளவுக் கைடில், ப்ரீலோடைப் (குண்டுகளுக்கு முன்கூட்டியே தந்திருக்கும் அழுத்தத்தைப்) பொறுத்து, 20 முதல் 30 மைக்ரானுக்குள் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வேறுபாடு நிற்க வேண்டும். ப்ரீலோடு கூடினால் அனுமதி குறையும். மேசையை ஏற்றிய பின் கையால் தள்ளிப் பாருங்கள். ஓரிடத்தில் கனத்தால் துணை ரெயிலைத் தளர்த்தி மீண்டும் அளக்க வேண்டும், அந்த இடத்தைக் கிரீஸால் சரிசெய்ய முயலக் கூடாது.

மேசையைச் சுழன்று தள்ளும் பால் ஸ்குரூவின் நட் தாங்கியை, மேசையை முனைக்கு நகர்த்தி அங்கே வைத்து இறுக்குவது நேர்க்கோட்டைக் காக்கும். இடத்துல்லியத்தை அளக்கும்போது வெப்பநிலையையும் குறியுங்கள்: எஃகு மீட்டருக்கு ஒரு டிகிரியில் சுமார் 12 மைக்ரான் நீள்வதால், 800 மில்லிமீட்டர் ஸ்குரூ 5 டிகிரியில் 48 மைக்ரான் நீளும். மார்ச் மாத மதியத்தில் வந்த பிழையை மழைக்காலக் காலையில் தேடினால் அகப்படாது.

கிரீஸ் லித்தியம் சோப்பு வகை, கெட்டித்தன்மையில் இரண்டாம் எண் (NLGI 2) போதும். கிராஃபைட்டோ மாலிப்டினமோ கலந்ததைத் தவிர்க்க வேண்டும். பிளாக்கின் முனையில் தூசி தடுக்கும் வைப்பர் சீலின் ஓரத்தில் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை செலுத்தி, மேசையைப் பலமுறை ஓட்டி, மீண்டும் சிறிது இட வேண்டும். புதிய அட்டையை மலையாளம், தமிழ், இந்தி மூன்றிலும் எழுதி, கிரீஸ் செலுத்தும் நிப்பிள் இருக்கும் இடத்தைப் படமாக ஒட்டினோம். நாளுக்குப் பதில் ஓடிய கிலோமீட்டரை எழுதச் சொன்னோம். கிரீஸ் இட்டவர் தம் பெயரைத் தாமே எழுத வேண்டும். சத்தம் கேட்டால் எந்த ஆபரேட்டரும் என்னைக் கேளாமலே மெஷினை நிறுத்தலாம் என்று அட்டையின் மேல் வரியிலேயே எழுதிக் கையெழுத்திட்டேன். முதல் வாரத்தில் மூன்று முறை நிறுத்தினார்கள். இரண்டு முறை காரணம் ஒன்றுமில்லை, மூன்றாவது முறை கிரீஸ் குழாய் ஒன்று அடைத்திருந்தது.