வரப்புப் புல்லுக்குப் பெயர் கண்டுபிடிப்பது எப்படி?

மன்னார்குடிப் பக்கம் சித்தப்பாவின் சம்பா வயலில் ஒருநாள் களை பறிக்க இறங்கினேன். அரைமணி நேரத்தில் வரப்பில் நான் குவித்ததில் பாதி நெல்லு. பக்கத்துப் பாத்தியில் குனிந்திருந்த அக்கா சிரித்துவிட்டு, "தடவிப் பாக்கணும் தம்பி. நெல்லுன்னா சொரசொரன்னு இருக்கும், குதிரைவாலி வழவழன்னு போவும்" என்றார். நெல் மாதிரியே நிற்கும் களைப்புல்லைத்தான் குதிரைவாலி என்றார். கையில் தாவரவியல் பட்டம் வேறு இருந்தது எனக்கு! அன்றைக்குப் பிறகு நான் கற்றுக்கொண்ட வரிசையில்தான் கீழே எழுதுகிறேன்.

என்னென்ன வேண்டும்

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், பிளேடு, ஊசி, நோட்டு, பழைய செய்தித்தாள். செல்போன் படம் மட்டும் போதாது. புல்லின் சங்கதியெல்லாம் அரை சென்டிமீட்டருக்குள் முடிந்துவிடும். வரப்பில் ஒரு குச்சியால் தட்டிக்கொண்டே நடங்கள், பாம்பு இருக்கும்.

1. முதல் பாடம் ஒரு நெல்மணி

வகுப்பறையிலேயே செய்யலாம். நெல்லை இரவு ஊறவைத்து, ஊசியால் உமியைப் பிரியுங்கள். இரண்டு துண்டாக வரும். பெரியதில் ஐந்து நரம்பு, அதற்குள் கவ்விக்கொண்டிருக்கும் சின்னதில் மூன்று. காம்புப் பக்கம் இரண்டு குட்டிச் செதில்களும் தெரியும். இந்த மொத்தப் பொட்டலத்துக்குப் பெயர் சிறுகதிர். நெல்லின் சிறுகதிரில் விளைவது ஒரே பூ. வேறு புற்களில் இரண்டோ, பலவோ இருக்கலாம். நெல் பூக்கும்போது மகரந்தத்தாள் ஆறு தொங்கும். பெரும்பாலான புற்களில் மூன்றுதான். உமியைப் பிரித்துப் பழகிய கைக்குக் காட்டுப்புல் பயம் இருக்காது.

2. புல்லா, கோரையா?

தண்டை இரண்டு விரலுக்கிடையில் உருட்டுங்கள். மூன்று முனை தட்டுப்பட்டால் கோரை. இலைகளும் மூன்று பக்கமாகக் கிளம்பியிருக்கும். புல்லின் தண்டில் கணு கணுவாக முடிச்சு இருக்கும், இலைகள் இரண்டே வரிசையில் வரும். குளத்தோரக் கோரை சிலவற்றின் தண்டு உருண்டையாகவே இருந்து ஏமாற்றும். அங்கே உருட்டலை நம்பாமல் கணுவைத் தேடுங்கள். வாய்க்காலில் பழுப்புக் கதிரோடு நிற்கும் சம்பு இந்த இரண்டு குடும்பத்திலும் சேராது.

3. நாக்கைப் பாருங்கள்

இலை தண்டைவிட்டுப் பிரியும் இடத்தை மெல்ல வளைத்து உள்பக்கம் பாருங்கள். நெல்லில் வெள்ளைத் தாள் மாதிரி, நுனி இரண்டாகப் பிளந்த ஒரு நாக்கு நிற்கும். இரண்டு பக்கமும் அரிவாள் போல வளைந்த, மயிர் முளைத்த காதுகள் இருக்கும். குதிரைவாலியில் நாக்கும் இல்லை, காதும் இல்லை. கதிர் வரும்வரை காத்திருக்காமல் களையை அடையாளம் காண இதைவிட நம்பகமான குறி நான் பார்த்ததில்லை. அருகம்புல்லில் நாக்குக்குப் பதில் நுண்ணிய மயிர் வரிசை. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, லென்ஸில் பார்த்து, பென்சிலால் வரையுங்கள். படம் கோணலாக இருந்தால் என்ன?

4. விரல் விரலாய்க் கதிர்

நெல், நாணல் இவற்றின் கதிர் கிளைகிளையாகப் பிரியும். ஆரம்பத்தில் அவற்றை விட்டுவிடுங்கள். விரல்போலக் கதிர் விரிக்கும் புற்களில் தொடங்குங்கள். மழை விட்ட கார்த்திகை, மார்கழியில் பஸ் ஸ்டாப் ஓரத்திலேயே நாலும் கிடைத்துவிடும்.

அருகு: மெல்லிய விரல்கள், பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து. சிறுகதிர்கள் விரலின் ஒரே பக்கத்தில் இரண்டு வரிசை.

காக்காகால் புல்: விரல் குட்டை, தடிமன். நுனியைக் கவனியுங்கள். சிறுகதிர்கள் முடிந்த பிறகும் அச்சு மொட்டையாக, நகம்போல நீட்டிக்கொண்டிருக்கும். பெயரே அதைச் சொல்லிவிடுகிறது.

கேழ்வரகின் காட்டுச் சொந்தம்: காக்காகாலோடு குழப்புவது இதைத்தான். நுனியில் நகம் இருக்காது, சிறுகதிரே முடிவு. ஒன்றிரண்டு விரல் மற்றதைவிடச் சற்றுக் கீழே முளைத்திருக்கும்.

மயில்கொண்டைப் புல்: ஊதா நிறம், மீசை அடர்ந்த கதிர். தூரத்திலிருந்தே தெரியும்.

5. தாளில் அழுத்துவது

வேரோடு எடுத்து, நீளமானால் மடித்து, செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து மேலே கனம் ஏற்றுங்கள். முதல் நாலைந்து நாள் தினமும் தாள் மாற்ற வேண்டும். ஓர் ஐப்பசியில் சோம்பல்பட்டு விட்டதில் எனக்கு இருபது புல்லும் பூசணம் பூத்துப் போனது. தேதி, ஊர், எந்த ஆற்றங்கரை, ஈரமா மேடா, என்ன நிறம் என்பதை அன்றே எழுதுங்கள். காய்ந்தால் நிறம் போய்விடும். பெயருக்கான இடத்தைக் காலியாக விட்டாலும் பரவாயில்லை.

பெயரைச் சரிபார்க்க, ரங்காச்சாரியார் 1921இல் வெளியிட்ட தென்னிந்தியப் புற்கள் பற்றிய ஆங்கிலக் கையேடு படங்களோடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. திருச்சி புனித வளனார் கல்லூரியில் உள்ள ரபினாட் உலர்தாவரத் தொகுப்பைப் பற்றியும் உங்கள் ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் கடற்கரைக்குப் போனால் லென்ஸே தேவைப்படாத ஒரு புல் உண்டு: இராவணன் மீசை. அதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மணலில் காற்றோடு உருண்டு ஓடும் முள்பந்து பெண் கதிர். ஒன்றைக் கொண்டுவர நினைத்தால் அட்டைப்பெட்டியில் எடுத்து வாருங்கள். துணிப்பையில் போட்டால் வீடு வரும்வரை தொடையைக் குத்திக்கொண்டே வரும்.