வெளியில் குடும்பப் படம் எடுக்கும்போது ஓரத்தில் நிற்பவரை மறக்காதீர்கள்

பாட்டியின் 80ஆவது பிறந்தநாளுக்குப் பினாங்கு தாவரவியல் பூங்காவில் நான் எடுத்த படம் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. பதினாறு பேர், இரண்டு வரிசை. நடுவில் பாட்டி அழகாக இருக்கிறார். வலது ஓரத்தில் சித்தி. முகம் பக்கவாட்டில் இழுபட்டு, தோள் வீங்கினாற்போல் தெரியும். சித்தி இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அந்தக் கூடத்துக்கு வந்தால் படத்துக்கு முதுகு காட்டிய நாற்காலியில்தான் உட்காருவார். அதைக் கவனித்த நாளிலிருந்து, குழுப்படம் என்றால் என் கண் முதலில் ஓரத்தில் நிற்பவரிடம்தான் போகிறது.

தவறு என்னுடையது. எல்லாரும் ஃபிரேமுக்குள் வரவேண்டும் என்று 24 மி.மீ. அகலக் கோண லென்ஸைப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் நின்றேன். எட்டுப் பேர் கொண்ட வரிசைக்கு, இருபுறமும் கொஞ்சம் இடம் விட்டால் ஐந்து மீட்டர் அகலம் தேவை. ஃபுல் ஃபிரேம் கேமராவில் (படம் பதியும் சென்சார் பெரிதாக இருப்பது) 24 மி.மீ. என்றால் மூன்றேகால் மீட்டர் தூரத்திலேயே அது அடங்கிவிடும். ஆனால் அவ்வளவு அகலமான கோணத்தில், ஃபிரேமின் விளிம்பை நெருங்க நெருங்க முகம் கால் பங்கு வரைகூட அகன்று போகும். முன்வரிசைத் தலைகள் பெரிதாகவும் பின்வரிசைத் தலைகள் சிறிதாகவும் தெரிவதும் கிட்டத்தில் நிற்பதால்தான். அதே குழுவை 50 மி.மீ. லென்ஸில் எடுக்க ஏழு மீட்டர் பின்னால் போகவேண்டும். நடந்து போகத்தான் வேண்டும். அந்த நாலு மீட்டர் நடைதான் சித்தியின் முகத்தைக் காப்பாற்றியிருக்கும்.

உங்களிடம் இருப்பது அதைவிடச் சிறிய சென்சார் கொண்ட கிராப் சென்சார் கேமரா என்றால் 35 மி.மீ. ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும். கேமராவோடு வரும் 18-55 லென்ஸே போதும், அதை 35இல் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் எடுப்பவர்களும் இதைக் கவனிக்கவேண்டும். பெரும்பாலான கைப்பேசிகளின் முக்கிய கேமராவே 24, 26 மி.மீ. அளவு அகலக் கோணம்தான். 0.5 என்று இருக்கும் பொத்தானைக் குழுப்படத்தில் தொடவே வேண்டாம். 2 என்பதை அழுத்திவிட்டுப் பின்னால் நகருங்கள்.

சரி, 85 மி.மீ. இன்னும் நன்றாக இருக்குமே என்று கேட்பார்கள். முகங்கள் நன்றாகத்தான் வரும். ஆனால் ஐந்து மீட்டர் அகலத்துக்கு நீங்கள் பன்னிரண்டு மீட்டர் தள்ளி நிற்கவேண்டும். அங்கிருந்து "தம்பி, கொஞ்சம் உள்ளே வா" என்று கத்தினால் தம்பிக்குக் கேட்காது. நடுவில் ஜாகிங் போகிறவர்கள் குறுக்கே வருவார்கள். மூன்று நாலு பேர் இருந்தால் 85 எடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

அடுத்தது, பின்னணி மங்கலாக வரவேண்டும் என்ற ஆசையில் அபர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, எஃப் 1.8 என்று அகலமாக வைத்து எடுப்பது. சின்னக் குடும்பங்களில் இது அதிகம் நடக்கிறது. ஆறு பேரை இரண்டு வரிசையாக வைத்து, 50 மி.மீ. லென்ஸில் நாலு மீட்டரிலிருந்து எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். ஃபோகஸ் முன்வரிசையில். எஃப் 1.8இல் அதற்குப் பின்னால் தெளிவாக இருப்பது 38 செ.மீ., ஒரு முழம்கூட இல்லை. பின்வரிசையோ அதைவிடத் தள்ளி நிற்கிறது. கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் நன்றாகவே தெரியும். கடையில் பெரிதாக அச்சிட்டுக் கொண்டுவந்து மாட்டினால்தான் மாமாவின் கண் பஞ்சு மாதிரி இருப்பது தெரியும். திறப்பைச் சுருக்கி எஃப் 5.6 வைத்தால் பின்னால் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் கிடைக்கிறது. மூன்று வரிசை என்றால் எஃப் 8. பின்னணி மங்கவேண்டும் என்றால் அபர்ச்சரைத் தொடாமல், குடும்பத்தை மரத்திலிருந்து பத்துப் பதினைந்து மீட்டர் முன்னால் அழைத்து வாருங்கள். ஷட்டர் வேகம் 1/200 நொடியைவிட மெதுவாகப் போகவேண்டாம், குழந்தைகள் சும்மா நிற்கமாட்டார்கள். அதற்காக ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 800, 1600 ஆனாலும் பயப்படாதீர்கள்.

இனி வெளிச்சம். நம் பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஒரு மணிக்கு மேல்தான். அதனால் திறந்த இல்ல உபசரிப்பு (பண்டிகைக்கு எல்லாரையும் வீட்டுக்கு அழைத்துத் தரும் விருந்து) முடிந்து, சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குப் படம் எடுக்கக் கிளம்புவது இருப்பதிலேயே மோசமான நேரம். கண்குழியெல்லாம் கறுத்துவிடும். மாலை ஐந்தரைக்கு மேல் வையுங்கள். தீபாவளிச் சமயத்தில் ஏழு மணியை ஒட்டிச் சூரியன் மறைந்துவிடும், ஜூலையில் 7.40 வரை இருக்கும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் செங்குத்தாக இறங்குகிறது. பொன்னிற வெளிச்சம் அரை மணி நேரம்கூட நிற்காது. தாவரவியல் பூங்கா இன்னும் ஒருபடி மேல். மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு அது. மேற்கே கொடிமலைப் பக்கம் வெயில் மறைவது, கைப்பேசி காட்டும் நேரத்துக்கு வெகு முன்பே நடந்துவிடும். முதல் நாள் அதே நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள்.

வெயிலுக்குப் பயந்து தூங்குமூஞ்சி மரத்தடியில் நிற்க வைப்பதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. இலை இடுக்கில் விழும் வெயில் ஒருவர் மூக்கிலும் இன்னொருவர் காதிலும் வட்டமாக விழும். மென்பொருளில் அதைச் சுத்தமாக எடுப்பது எளிதல்ல. நிழல் முடியும் விளிம்புக்குக் கொஞ்சம் உள்ளே, முகங்கள் திறந்த வானத்தைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். நான் பார்த்ததில் மிக நல்ல வெளிச்சம் அதுதான். காசு செலவில்லை.

நம் குடும்பங்களுக்கே உரிய ஒன்றும் உண்டு. தாத்தாவும் மாமாக்களும் வெள்ளை வேட்டி சட்டையில் வரிசையாக நிற்பார்கள். கேமரா அந்த வெள்ளையைப் பார்த்துவிட்டு, படம் அதிக வெளிச்சமாகிவிட்டது என்று எண்ணி எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். வேட்டியே சாம்பல் பூத்தாற்போல் ஆகும், நம் மாநிற முகங்கள் கரியாகிவிடும். அப்புறம் மென்பொருளில் முகத்தை வெளுப்பாக்குகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே வருத்தமாக இருக்கும், பாட்டியின் நிறம் அது இல்லையே. எடுக்கும்போதே கேமராவின் ஒளி அளவை முகத்தில் வைத்துப் பாருங்கள், இல்லையென்றால் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) ஒரு படி வரை கூட்டுங்கள். வேட்டியின் மடிப்புத் தெரிகிற வரைக்கும் கூட்டலாம்.

ஃபிளாஷைப் பற்றி ஒரே ஒரு விஷயம். ஸ்டாண்டில் வைத்துக் குழுவின் பக்கவாட்டில் நிறுத்தாதீர்கள். ஃபிளாஷிலிருந்து ஒன்றரை மீட்டரில் நிற்பவருக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான் நாலரை மீட்டரில் நிற்பவருக்குக் கிடைக்கும். இங்கேயும் அடிபடுவது ஓரத்தில் நிற்பவர்தான். கேமராவுக்குப் பக்கத்தில், உயரமாக, பின்னால் தள்ளி வையுங்கள்.

ஏசி காரிலிருந்து கேமராவை எடுத்த உடனே லென்ஸில் பனி படரும். அரை மணி நேரம் முன்பே பையை ஏசி படாத, காரின் பின்பெட்டியில் போட்டுவிடுங்கள்.

முதல் படம் எடுத்ததும் யாரையும் கலைய விடாதீர்கள். திரையில் பெரிதாக்கி இடது ஓரம், வலது ஓரம், பின்வரிசை என்று மூன்று இடத்தில் கண்களைப் பாருங்கள். பாட்டி நாற்காலியில் உட்கார்ந்திருப்பதால் அவசரம் வேண்டாம். நிற்பவர்களுக்குத்தான் கால் வலிக்கும். அதற்குள் தேவையானால் இரண்டு அடி பின்னால் போய், இன்னொரு முறை எடுங்கள்.