கன்சோல் போர்ட்டின் சீரியல் அமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெட்வொர்க் முழுவதும் முடங்கிய வேளையில் ரவுட்டருக்கோ சுவிட்சுக்கோ உள்ளே செல்ல எஞ்சியிருக்கும் வழி பெரும்பாலும், கேபிள் செருகிச் சாதனத்துடன் நேரடியாகப் பேச உதவும் கன்சோல் போர்ட்தான் என்பதால், அதன் சீரியல் அமைப்பில் (ஒவ்வொரு பிட்டாகத் தரவை அனுப்பும் இணைப்பின் வேகம் முதலியவற்றில்) செய்த தவறு செய்த அன்று கண்ணில் படாமல், போர்ட் மிகவும் தேவைப்படும் நாளில்தான் வெளிப்படுகிறது.

பரவலான தவறு, கன்சோல் வழியாக உள்ளே இருந்துகொண்டே அதன் வேகத்தை மாற்றுவது. சிஸ்கோ சாதனத்தில் ‘லைன் கன்சோல் 0’ பகுதிக்குள் சென்று ‘ஸ்பீட் 115200’ என்று தட்டி என்டரை அழுத்தியதும் சாதனம் புதிய வேகத்துக்குப் போய்விடும். நம் கணினியில் ஓடும் டெர்மினல் நிரல் பழைய 9600-இலேயே (நொடிக்கு இத்தனை பிட்) நிற்கும். திரையில் புரியாத குறிகள் கொட்டுவதைக் கண்டு, சாதனம் பழுதாகிவிட்டதென்று பதறி மின்சாரத்தைத் துண்டிப்பவர்கள் உண்டு. டெர்மினலின் வேகத்தையும் மாற்றினாலே திரை தெளிந்துவிடும். நெட்வொர்க் மூலம் உள்நுழையும் எஸ்எஸ்எச் வழியாக மாற்றத்தைச் செய்து, அந்த அமர்வை மூடாமல் வைத்துக்கொண்டு, கன்சோலில் புதிதாக நுழைந்து சோதித்த பிறகு சேமிப்பதே என் வழக்கம்.

வேகத்தை ஓரிடத்தில் மட்டும் மாற்றுவது அதைவிட நுட்பமான தவறு. லினக்ஸ் அடிப்படையிலான சாதனங்களில் சாதனத்தைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர், இயங்குதளத்தின் மையமான கெர்னல், உள்நுழைவுத் திரையைத் தரும் ‘கெட்டி’ என்ற நிரல் ஆகியவற்றுக்குத் தனித்தனியே வேகம் குறிக்கப்படுவது வழக்கம். கெட்டிக்கு மட்டும் மாற்றினால் உள்நுழைவுத் திரை தெளிவாக வரும், பூட் செய்திகளோ சிதைந்து வரும். சாதனம் பாதியில் நின்றுவிட்ட நாளில் நாம் படிக்க வேண்டியவை அந்தச் செய்திகளே. பல சிஸ்கோ ரவுட்டர்களில் கன்சோல் வேகம், தொடக்க அமைப்புகளைக் குறிக்கும் எண்ணான கன்ஃபிகரேஷன் ரெஜிஸ்டரின் 5, 11, 12 ஆகிய பிட்களிலும் பதிந்திருக்கிறது. கடவுச்சொல்லை மீட்டபின் பழக்கத்தில் ரெஜிஸ்டருக்கு 0x2102 என்ற மதிப்பைக் கொடுத்தால், வேகம் 9600-க்குத் திரும்பிவிடும்.

திரையில் எழுத்துகள் வந்தும் நாம் தட்டுவது சாதனத்தை எட்டவில்லை என்றால், கேபிளைக் குறை கூறுவதற்கு முன் டெர்மினலில் ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோல் (மறுமுனை தயார் என்று தனிக் கம்பியில் சொல்லும்வரை அனுப்பாமல் காத்திருக்கும் முறை) அணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சிதைவின் தன்மையும் காரணத்தைச் சொல்லும். வேகம் பொருந்தாவிட்டால் எல்லாமே குப்பையாகத் தெரியும். சாதனம் ஏழு பிட், இரட்டைப்படை பாரிட்டியில் (ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாகும்படி ஒரு சோதனை பிட் சேர்த்து) அனுப்ப, டெர்மினல் எட்டு பிட், பாரிட்டி இல்லாமல் வாங்கினால், ‘ஏ’, ‘பி’ போன்ற ஆங்கிலப் பெரிய எழுத்துகள் சரியாகவே வரும். பெரிய ‘சி’ கெடும், ஏனெனில் அதன் குறியீட்டில் மூன்று ஒன்றுகள் இருப்பதால் பாரிட்டி பிட்டும் ஒன்றாகிவிடுகிறது.

நீண்ட கட்டளைத் தொகுப்பை ஒரே மூச்சில் ஒட்டுவது எனக்கு மிகவும் அச்சம் தரும் தவறு. 9600 வேகத்தில் நொடிக்கு 960 எழுத்துகள் வரை போய்ச் சேரும்; ஒரு கட்டளையைச் சாதனம் செயல்படுத்திக்கொண்டிருக்கையில் பின்வரும் எழுத்துகள் தவறிவிடக்கூடும். 10.1.12.1 என்ற முகவரியில் ஓர் இலக்கம் விழுந்து 10.1.2.1 ஆனால், சாதனம் எந்த மறுப்பும் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும். டெர்மினலில் வரிக்கு வரி சிறு இடைவெளி அமைத்து, சில வரிகளாகப் பிரித்து ஒட்டி, சேமிக்கும் முன் ஓடும் அமைப்பை மூலத்துடன் ஒப்பிட வேண்டும்.

‘எக்செக் டைம்அவுட் 0 0’ என்று கொடுத்து, சும்மா இருக்கும் அமர்வு தானாக மூடுவதை நிறுத்திவிட்டுச் சோதித்தவர்கள், வேலை முடிந்ததும் பழைய பத்து நிமிடத்தைத் திரும்ப வைக்க வேண்டும்; இல்லையேல், வெளியேறாமல் கேபிளை மட்டும் கழற்றிச் சென்றால், அடுத்துக் கேபிளைச் செருகுபவருக்குக் கடவுச்சொல்லே தேவைப்படாது.